பழைய சுண்ணாம்புக் காரை வீட்டை இடிப்பதா, செப்பனிடுவதா? சுற்றுச்சூழல் கணக்கை எப்படிப் போடுவது?

கேள்வி: அரசலாற்றங்கரை

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் 1962-ஆம் ஆண்டு என் தாத்தா கட்டிய வீட்டைப் பற்றி உங்கள் அறிவுரையை நாடுகிறேன். ஏறக்குறைய 1,200 சதுர அடி. சுவர்கள் யாவும் சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய ஒன்றரைக் கல் (ஒன்றரைச் செங்கல் தடிமனுள்ள) சுவர்கள். கூடத்துக்கும் முன்னறைக்கும் தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்துக்கும் அடுப்படிக்கும் நாட்டு ஓடு. பத்தாண்டுகளாக அம்மா மட்டுமே அங்கே இருந்தார். இனி நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் என நால்வரும் ஊர் திரும்பி அவருடனேயே வாழ முடிவு செய்திருக்கிறோம்.

வீட்டின் நிலை நன்றாக இல்லை. முழங்கால் உயரம் வரை சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. மழைக்காலத்தில் கூடத்தில் இரண்டு இடங்களில் ஒழுகுகிறது. பார்க்க வந்த பொறியாளர், இதற்குச் செலவழிப்பது வீண், முழுவதையும் இடித்துவிட்டுத் தூணும் பீமுமாகப் புதிய வீடு கட்டலாம் என்றார். மாடியில் சூரிய மின்தகடுகளும் உள்ளே மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்கும் கருவிகளும் வைத்துவிட்டால் அதுவே சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு என்பது அவருடைய கருத்து. கல்லூரியில் படிக்கும் என் மகள், புதிய வீட்டைச் செய்வதற்கு ஆகும் கேட்டையும் பழைய வீட்டை உடைப்பதால் வரும் கேட்டையும் யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டாள். என்னிடம் விடையில்லை.

கட்டடத்தின் வாழ்நாள் முழுமைக்குமான தாக்கத்தை அளக்கும் முறை ஒன்று இருப்பதை அறிவேன். எங்கள் வீட்டின் அளவுள்ள ஒன்றுக்கு அந்தக் கணக்கை எப்படிப் போடுவது, அதில் எது பெரிய தொகை, எது சிறிய தொகை என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் குடும்பத்தில் பேசி முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: செங்கோணம்

வணக்கம் ஐயா. முப்பது ஆண்டுகளாகக் கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மகளின் கேள்வி மிகச் சரியானது. எங்கள் துறையில் நெடுங்காலம் கேட்கப்படாமலே இருந்த கேள்வியும் கூட.

இந்தக் கணக்குக்கு ஐ.எஸ்.ஓ. 14040 என்ற பன்னாட்டுத் தரநெறி அடிப்படை. கட்டடங்களுக்கு மட்டுமான ஐரோப்பிய நெறி இ.என். 15978, ஒரு வீட்டின் வாழ்க்கையை நான்கு கட்டங்களாகப் பார்க்கிறது: பொருள்களை வெட்டியெடுத்து ஆக்குவது, அவற்றைக் கொண்டுவந்து கட்டுவது, குடியிருந்து பழுது பார்ப்பது, கடைசியில் இடித்து அகற்றுவது. இடித்த பொருள் மறுபடி பயன்பட்டால் கிடைக்கும் ஆதாயத்தைத் தனியே எழுதச் சொல்கிறது. நம் ஊரில் 'பசுமை வீடு' என்று பேசும்போது மூன்றாவது கட்டத்தின் மின்கட்டண அட்டையை மட்டுமே பெரும்பாலும் பார்க்கிறோம்.

முதல் கட்டத்தைத்தான் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். உங்களுக்குச் சிமெண்டு வரப்போவது பெரும்பாலும் அரியலூர்ப் பக்கத்திலிருந்து. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் கிரெட்டேசியக் காலத்தில் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலுயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து இறுகியதே இன்று வெட்டப்படும் சுண்ணாம்புக்கல். தூய சுண்ணாம்புக்கல்லின் எடையில் 44 விழுக்காடு கரியமில வாயு. சூளையில் 1,450 பாகை செல்சியஸ் வரை சூடேற்றி, சிமெண்டாக அரைப்பதற்கான கட்டிகளாக (கிளிங்கர்) ஆக்கும்போது அந்த வாயு முழுவதும் வெளியேறுகிறது. எரிக்கும் நிலக்கரியின் புகை அதற்கு மேல். ஒரு சிமெண்டு ஆலையின் உமிழ்வில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு இப்படிக் கல்லிலிருந்தே வருவதால், ஆலையை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் அந்தப் பங்கு குறையாது. உலகின் கரியமில வாயு உமிழ்வில் சிமெண்டின் பங்கு ஏழு, எட்டு விழுக்காடு என்பதன் காரணம் இதுதான்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். மேஸ்திரிகளின் கைக்கணக்குப்படி சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்டும் 4 கிலோ கம்பியும் ஆகும். 1,200 சதுர அடிக்கு 480 மூட்டை, அதாவது 24 டன் சிமெண்டு, கம்பி 4.8 டன். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டு டன்னுக்குச் சுமார் 0.6 டன் கரியமில வாயு என்று வைத்தால் 14 டன். கலவையில்லாத ஓ.பி.சி. வாங்கினால் இதே தொகை 20 டன்னைத் தாண்டும். இந்திய எஃகுக்குச் சராசரி டன்னுக்கு 2.5 டன் என்பதால் கம்பிக்கு 12 டன். 18,000 செங்கல்லுக்கு, கல் ஒன்றுக்கு அரைக் கிலோ என்று நான் தோராயமாகக் கொள்வதால், 9 டன். ஜல்லி, எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்), தரை ஓடு, வண்ணப்பூச்சு, லாரிச் செலவு ஆகியவற்றையும் கூட்டினால் 40 டன்னை ஒட்டி வரும். டெல்டாவில் பாறை கிடையாது. புதுக்கோட்டையிலிருந்தோ பெரம்பலூரிலிருந்தோதான் ஜல்லி வர வேண்டும் என்பதால், உங்கள் ஊரில் லாரிச் செலவு மற்ற இடங்களைக் காட்டிலும் கூடுதல்.

ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் 300 யூனிட் மின்சாரம் செலவழிக்கும் குடும்பம் ஆண்டுக்கு 3,600 யூனிட் பயன்படுத்துகிறது. நம் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்பதால் அது 2.5 டன். ஆகவே புதுமனை புகுவிழா அன்று பால் பொங்கும் முன்பே, பதினாறு ஆண்டு மின்சாரத்துக்குரிய உமிழ்வைச் செய்து முடித்திருப்பீர்கள்.

பழைய சுவரையும் அடித்தளத்தையும் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 500 சதுர அடி தளத்தை மட்டும் கான்கிரீட்டில் மாற்றினால் அதற்கு 45 மூட்டை சிமெண்டும் அரை டன்னுக்குச் சற்றுக் குறைவான கம்பியும் போதும். உமிழ்வு இரண்டரை டன். கழிவறை, பூச்சு, தரை எல்லாம் சேர்ந்தாலும் 8 டன்னுக்குள் முடிக்கலாம். புதிய வீடு பழைய வீட்டைவிட ஆண்டுக்கு அரை டன் உமிழ்வை மிச்சப்படுத்தும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 32 டன் கடன் அடைய 64 ஆண்டுகள் ஆகும்.

மறுமொழி 2: காரைக்கரண்டி

சுண்ணாம்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

சுண்ணாம்பைச் சுடும்போதும் கரியமில வாயு வெளியேறுகிறது என்பது உண்மை. ஆனால் ஏறக்குறைய 900 பாகையே போதும். அதைவிட முதன்மையானது, நீற்றிய சுண்ணாம்பு சுவரில் இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவை மறுபடி உள்ளிழுத்துக் கல்லாக மாறுவதால்தான் என்பது. எரித்த விறகின் புகை திரும்பாது. கல்லிலிருந்து போன வாயுவின் பெரும்பகுதி திரும்பிவிடும். உங்கள் தாத்தாவின் சுவர் அறுபது ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறது. கான்கிரீட்டும் வாயுவை ஓரளவு மெல்ல உறிஞ்சுகிறது. ஆனால் அது உள்ளே கம்பிவரை எட்டும்போது கம்பியைக் காக்கும் காரத்தன்மை போய்த் துரு பிடிக்கத் தொடங்குகிறது. சுண்ணாம்புச் சுவருக்கு வலிமை தரும் அதே மாற்றம் கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு நோயாகிவிடுகிறது.

அடுத்தது ஓதம். ஐயா, உங்கள் சுவரின் கீழ்ப்பகுதியில் எப்போதாவது சிமெண்டுப் பூச்சுப் பூசினார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் அதுவே காரணம். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும்; மண்ணிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைப்பதால் ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறி, உப்பைக் கொண்டுவந்து சேர்த்து, செங்கல்லையே அரிக்கிறது. அந்தப் பூச்சைக் கொத்தியெடுத்து, ஒரு கோடை முழுவதும் சுவரைக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பிலேயே பூசினால் பல சுவர்கள் தேறிவிடும். பூச்சு உதிர்வதைக் கண்டு வீட்டுக்கே ஆயுள் முடிந்துவிட்டது என்று சொல்வது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது; சுவரைத் தட்டிப் பார்க்காமலேயே இந்த வட்டாரத்தில் எத்தனையோ நல்ல வீடுகளை இடித்துவிட்டார்கள்.

தளம் ஒழுகுவதற்கும் முதலில் மேற்பூச்சைப் பாருங்கள். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்த தளம் அது. தட்டோடுகளின் இணைப்பு விட்டுப் போயிருந்தால் அதை மட்டும் புதுப்பிக்கலாம்.

மறுமொழி 3: முற்றத்துநிழல்

மேலே எழுதிய இருவரின் கருத்துகளையும் மதிக்கிறேன். ஆனால் ஓரிடத்தில் மாறுபடுகிறேன், அதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

செங்கோணம் ஐயாவின் கணக்கு ஒரு வீட்டை ஒரு வீட்டோடு ஒப்பிடுகிறது. வாழ்நாள் கணக்கில் முதலில் தீர்மானிக்க வேண்டியது எதை அலகாகக் கொள்கிறோம் என்பதை. சதுர அடியை அலகாக வைப்பது ஒன்று, ஒருவர் ஓராண்டு வசதியாக வாழ்வதை அலகாக வைப்பது வேறொன்று. இதே மனையில் இரண்டு குடும்பங்கள் வாழப் போகின்றன, மாடி கட்டாவிட்டால் இரண்டாவது குடும்பம் வயலில் மனை போட்டுத் தனி வீடு கட்டும் என்ற நிலை இருந்தால், இடித்துக் கட்டுவதே குறைந்த தாக்கமுடையதாக ஆகலாம். நஞ்சை நிலம் ஒன்று தப்பிப்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். உங்கள் குடும்பம் ஐந்து பேர்தான் என்பதால் இது உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். படிக்கும் மற்றவர்களுக்குப் பொருந்தும்.

குடியிருப்புக் காலத்தை 'மின்கட்டண அட்டை' என்று சுருக்கிவிடுவதும் சரியல்ல. தரைத்தளம் மட்டுமுள்ள வீட்டுக்குள் வெயில் நுழைவது பெரும்பாலும் கூரை வழியே. ஒன்றரைக் கல் சுவரும் முற்றமும் உள்ள வீட்டில் வெப்பம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். முற்றத்தின் வழியே இரவுக் காற்று சுழலும். அந்த வீட்டை இடித்துவிட்டு, ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தின் கீழ் முற்றமில்லாமல் அறைகளை அடைத்தால், இரவு பத்து மணிக்கும் தளம் வெப்பத்தைக் கீழே உமிழ்ந்துகொண்டிருக்கும். குளிரூட்டி தவிர்க்க முடியாததாகிவிடும். ஆகவே புதிய வீடு ஆண்டுக்கு அரை டன் மிச்சப்படுத்தும் என்பதைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை. பல வீடுகளில் அது கூடுவதையே பார்த்திருக்கிறேன். நடுவண் அரசின் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற 2018-ஆம் ஆண்டு நெறி, சுவரும் சன்னலும் வழியாக நுழையும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. நிழலும் சன்னல் அளவும் பார்த்துக் கட்டினால் அதற்குள் நிற்க முடியும். கண்ணாடியை நிறைய வைத்து அழகு பார்க்கும் வீடுகள் அந்த வரம்பைத் தாண்டிவிடும்.

குளிரூட்டியின் மின்சாரத்தைக் கணக்கிடுவோர் அதன் வாயுவை மறந்துவிடுகிறார்கள். ஆர்-32 என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால் 675 கிலோ கரியமில வாயு வெளியேறியதற்குச் சமம். பழைய இயந்திரங்களில் உள்ள ஆர்-410ஏ என்றால் 2,088 கிலோ. 'கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்' என்று மெக்கானிக் சொல்லும் ஒவ்வொரு முறையும், தீர்ந்துபோன வாயு காற்றில் கலந்துவிட்டது என்றே பொருள். எந்த வீட்டில் வாழ்ந்தாலும், தளத்தின் மேல் ஆண்டுக்கொரு முறை வெண்சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். அவ்வளவு குறைந்த செலவில் அவ்வளவு வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் வேறொன்றை நான் அறியேன்.

மறுமொழி 4: அரசலாற்றங்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் கேட்டேன். இருபது ஆண்டுகளுக்கு முன்பு பூச்சு உதிர்ந்தபோது, அழகாக இருக்கட்டும் என்று மூன்றடி உயரத்துக்குச் சிமெண்டு பூசியதாகச் சொன்னார். அதற்கு முன்பு ஓதம் எங்கோ ஓரிடத்தில்தான் இருந்ததாம்.

இன்னும் இரண்டு ஐயங்கள். தாழ்வாரத்தின் பின்பகுதியில் மட்டும் சுவர் விரிசல் விட்டு வெளிப்புறம் சாய்ந்திருக்கிறது. அதை எப்படியும் இடித்தே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த இடிபாட்டை என்ன செய்வது? அந்த இடத்தில் புதிதாகக் கட்டும் இரண்டு அறைகளுக்குக் குறைந்த தாக்கமுள்ள முறை எது?

மறுமொழி 5: கூவம்கரைவாசி

இடிபாடு பற்றி நான் சொல்கிறேன். சென்னையில் பல ஆண்டுகள் இந்தக் கழிவு எங்கே போகிறது என்று பார்த்து வந்திருக்கிறேன். வாழ்நாள் கணக்கில் இடிக்கும் கட்டத்தின் கரியமில வாயுப் பங்கு சிறியதாகவே வரும். அதைப் பார்த்து இடிப்பதால் கேடில்லை என்று எண்ணிவிடக் கூடாது. வாயுவை மட்டும் அளக்கும் கணக்கில் தூசும் தூர்ந்த நீர்நிலையும் தெரிவதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்களில் லாரி லாரியாகக் கொட்டிய கட்டட இடிபாடு, மழைநீர் போகும் வழியைச் சுருக்கியது. 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட நிலம் அது. உங்கள் பக்கத்தில் அதே இடிபாடு குளத்திலோ வாய்க்கால் கரையிலோ போய்ச் சேரும்.

கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென 2016-இல் தனி விதிகள் வந்தன. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அதை உடைத்துச் சலித்து ஜல்லியாகவும் மணலாகவும் ஆக்கும் ஆலைகள் இயங்குகின்றன. ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தரநெறி ஐ.எஸ். 383-உம், எம்-25 என்ற வலிமைத் தரம் வரையுள்ள கம்பி வைத்த கான்கிரீட்டில் இருபது விழுக்காடு வரை மறுசுழற்சி ஜல்லியை அனுமதிக்கிறது.

உங்கள் இடிபாட்டுக்கு ஆலையே தேவையில்லை என்பது நல்ல செய்தி. சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் கரண்டியால் தட்டினாலே பிரிந்து முழுதாக வரும். சிமெண்டில் கட்டியிருந்தால் கல் உடையுமே தவிரச் சாந்து விடாது. பொக்லைன் இயந்திரத்தை விடாமல், இரண்டு ஆட்களைக் கொண்டு மேலிருந்து வரிசை வரிசையாகப் பிரித்தெடுங்கள். கூலி கூடும். ஆனால் சில ஆயிரம் முழுச் செங்கல் கையில் கிடைக்கும். உடைந்ததைத் தரைக்குக் கீழே நிரவலாம். பழைய காரைத் தூளைப் புதுச் சுண்ணாம்போடு கலக்கலாம். கதவு, நிலை, உத்தரங்களை விற்காதீர்கள். காரைக்குடி கடைகளில் அவற்றுக்கு எப்போதும் வாங்குவோர் உண்டு. ஆனால் உங்கள் வீட்டிலேயே இடமிருக்கும்போது அவை அங்கேயே இருப்பது மேல். உலர்ந்த மரத்தின் எடையில் பாதி கரிமம், அது எரியாமலும் மட்காமலும் இருக்கும்வரை காற்றுக்குப் போகாது. பின்பக்கம் பிற்காலத்தில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஏதேனும் இருந்தால் அதை மட்டும் உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாகவே இறக்குங்கள். அதன் நுண்ணிழை நுரையீரலுக்குப் பெருங்கேடு.

மறுமொழி 6: செங்கோணம்

இரண்டு அறைகளுக்கான முறையைச் சொல்லும் முன், முற்றத்துநிழல் அவர்கள் அலகைப் பற்றிக் கூறியதை ஏற்கிறேன். என் கணக்கில் அதைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

தூணும் பீமும் தேவையில்லை. தரைத்தளம் மட்டுமே என்றால் சுவரே சுமையைத் தாங்கும், கம்பிச் செலவு பெரிதும் குறையும். சுவரை, கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய எலிப்பொறிக் கட்டில் எழுப்பலாம். செங்கல்லைக் குத்தாக வைத்து நடுவே வெற்றிடம் விடுவதால் கால்பங்குச் செங்கல் மிச்சமாகும், அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். பிரித்தெடுத்த பழைய செங்கல்லில் விளிம்பு கெடாதவற்றை இதற்குத் தேர்ந்தெடுங்கள். தளத்துக்கு அவரே பயன்படுத்திய நிரப்புத் தளம் பொருந்தும்: தளத்தின் கீழ்ப்பாதியில் கான்கிரீட்டுக்கு வேலையில்லை என்பதால், கம்பிகளுக்கு இடையே மங்களூர் ஓடுகளைப் பொதித்து வார்ப்பார்கள். உங்களிடம் நாட்டு ஓடு இருக்கிறது; அது பொருந்துமா என்பதை வடிவமைக்கும் பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். புதுச் செங்கல் வேண்டாம் என்றால் ஆரோவில் புவி நிறுவனம் பரப்பிவரும் அழுத்திய மண்கல் உண்டு. ஏறக்குறைய ஐந்து விழுக்காடு சிமெண்டு கலந்து அழுத்தி, சூளையில் வைக்காமலே ஆக்குவது. ஆனால் டெல்டாவின் களிமண் அப்படியே உதவாது, மணல் கலக்க வேண்டியிருக்கும்.

மணலைப் பற்றி ஒரு சொல். ஆற்று மணல்தான் வேண்டும் என்று மேஸ்திரி வற்புறுத்தினால் இணங்காதீர்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிட மதகுகள் ஒன்பது வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை நாம் மறக்க முடியாது. படுகையில் மணல் அள்ளி அள்ளி ஆறு தாழ்ந்துபோனதும் அதற்கொரு காரணம் என்று பாசன வல்லுநர்கள் பலர் அப்போது சொன்னார்கள். எம்-சாண்டுக்கும் ஒரு மலை உடைகிறது என்பது உண்மைதான். ஆகவே எதுவாயினும் குறைவாக வாங்குவதற்கே திட்டமிடுங்கள்.

மறுமொழி 7: அரசலாற்றங்கரை

நேற்று மாலை அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து இந்த இழையை முழுவதும் படித்தோம். முன்கட்டைக் காப்பாற்றுவது, பின்கட்டை மட்டும் பிரித்துக் கட்டுவது என்ற இடத்துக்கு வந்திருக்கிறோம். ஒரே தயக்கம் தேக்கு உத்தரங்கள். அறுபது ஆண்டுகள் ஆனவற்றை நம்பிக் குழந்தைகளை அதன் கீழ் படுக்க வைக்கலாமா என்று மனைவி கேட்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மறுமொழி 8: காரைக்கரண்டி

அவர் கேட்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். எந்தச் சுற்றுச்சூழல் கணக்கும் தலைக்கு மேல் உள்ள தளத்தின் உறுதிக்குப் பிறகுதான்.

உத்தரத்தின் நடுவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது வெளிக்காற்றில் இருப்பதால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் இரண்டு முனைகள்தான் ஈரம் தங்கி மட்கும் இடம், கரையான் ஏறும் வழியும் அதுவே. ஒழுகிய இரண்டு இடங்களுக்கு அருகிலுள்ள முனைகளில் காரையைச் சற்றே கொத்தித் திறந்து, சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். நல்ல மரம் மணிபோல் ஒலிக்கும். உள்ளே அரித்திருந்தால் பொத்தென்று கேட்கும். பிறகு திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். அரை அங்குலம் எளிதாக உள்ளே போனால் அந்த உத்தரத்தை மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன், இருபுறமும் முட்டுக் கொடுத்துத் தளத்தின் எடையை இறக்கிக்கொள்வது கட்டாயம். தளம் நடுவில் தொய்ந்திருக்கிறதா என்பதைச் சுவருக்குச் சுவர் நூல் கட்டிப் பார்த்தால் தெரியும். எல்லா முனைகளையும் பார்த்து எழுதிவைத்துக்கொண்டு ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டுங்கள். முழுத் தளத்தையும் மாற்றச் சொல்கிறாரா, ஓரிரு உத்தரங்களை மட்டுமா என்பது அப்போது தெளிவாகும்.

மழை தொடங்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். அடுத்த மாதம் அந்தப் பக்கம் ஒரு வேலைக்கு வருகிறேன். நீங்கள் விரும்பினால் அரை நாள் ஒதுக்கி, உங்களோடு சேர்ந்து ஒவ்வொரு முனையையும் தட்டிப் பார்க்கிறேன்.